ஜனவரி 17ல பொறந்துட்டா எம்ஜிஆர் ஆயிடுவானா?

காசிமேட்டுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்கு: "அண்ணா, எனக்கு ஜனவரி 17ல பையன் பொறந்தான், ராத்திரி பன்னெண்டே கால் மணி. எங்க மாமனாரு தலைவரே திரும்பி வந்துட்டாருன்னு தெருவுக்கே லட்டு குடுத்துட்டாரு, ராமச்சந்திரன்னுதான் பேரு வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. இந்த மாதிரி ஒரே தேதில பொறந்த பெரிய ஆளுங்க, ஒரே தேதில செத்தவங்கலாம் நெறைய பேரு கீறாங்களா? அதுல இன்னா அர்த்தம் கீது, இல்ல எல்லாம் சொம்மாவா?"

கேக்க வேண்டிய ஆள்கிட்டதான் கேட்டுருக்க மா. பழைய வண்ணாரப்பேட்டைல எங்க தெரு முனைல ஒரு படிப்பகம் இருக்கு, ரெண்டு பெஞ்சு, மூணு பேப்பர், ஒரு கேரம் போர்டு, வாசல்ல ஒரு கரும்பலகை. அந்தப் பலகைல காலைல ஆறரைக்கு "இன்று"ன்னு தலைப்பு போட்டு அன்னைக்கு யார் பொறந்தாங்க யார் செத்தாங்கன்னு எழுதுறது பத்தொன்பது வருஷமா நான்தான். தப்பா எழுதுனா எதிர் டீக்கடைல நிக்கிற பெருசுங்க விடாதுங்க, கிளாஸ கைல வச்சிக்கினே வந்து சண்டைக்கு நிக்கும். அந்த பயத்துல ஒவ்வொரு தேதியையும் நாலு எடத்துல பாத்துதான் எழுதுவேன், அப்டி பாத்ததுல தெரிஞ்சதுதான் இதெல்லாம்.

மொதல்ல உன் பையன் தேதி. எம்ஜிஆர் பொறந்தது 1917 ஜனவரி 17, இலங்கைல கண்டி பக்கம் நாவலப்பிட்டி. கரெக்டா 25 வருஷம் கழிச்சு 1942ல அதே ஜனவரி 17ல அமெரிக்காவுல லூயிவில்ன்ற ஊர்ல காசியஸ் க்ளேன்னு ஒரு பையன் பொறந்தான், அவன்தான் பின்னாடி முகமது அலி. உங்க மாமனாருக்கு இத சொல்லு, இன்னும் ரெண்டு ட்ரே லட்டு வாங்குவாரு. ஏன்னா நம்ம ஏரியாவுல பாக்ஸிங்னா சொல்லணுமா, சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார்னு பரம்பரை பரம்பரையா கோதால எறங்குன ஊரு இது. 1980ல அலியே மெட்ராஸ் வந்தாரு, பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட காட்சிப் போட்டி ஆடுனாரு, எம்ஜிஆரும் வந்துருந்தாரு. எங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்குனவரு, ஷிப்ட் முடிச்சு கூட்டாளிங்களோட நடந்தே போயி பின்னாடி வரிசைல நின்னு பாத்தாரு. சாகுற வரைக்கும் அவரு சொன்னது ஒன்னுதான், "டேய், எல்லாரும் அவன் கையப் பாத்தானுங்க, நான் காலத்தான் பாத்தேன், தரைல படவே இல்லடா". அந்த ஸ்டேடியத்துல இருந்த ரெண்டு பேருக்கும் ஒரே பொறந்த நாளுன்றது நைனாவுக்குத் தெரியாது, பல வருஷம் கழிச்சு நான் பலகைல எழுதுன அன்னைக்குத்தான் படிச்சிட்டு ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போனாரு.

பெஞ்சமின் பிராங்க்ளினும் அதே ஜனவரி 17தான், 1706. ஆனா அவர பலகைல போட்டா எங்க தெருவுல யாரும் நிக்க மாட்டாங்க.

சரி, இது ஆச்சரியமான்னு கேட்டா, கணக்குப்படி பாத்தா கெடையாது. ஒரு ரூம்ல 23 பேரு இருந்தாலே அதுல யாராவது ரெண்டு பேருக்கு ஒரே பொறந்த நாளு வர்றதுக்கு பாதிக்கு மேல சான்ஸ். 57 பேருன்னா நூத்துக்கு தொண்ணூத்தொம்போது. கேக்குறவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க, 365 நாள் இருக்கே எப்டிப்பான்னுவாங்க. நீ ஆள எண்ணுற, ஜோடிய எண்ணனும். 23 பேர்ல 253 ஜோடி போடலாம், ஒவ்வொரு ஜோடியும் ஒரு லாட்டரி சீட்டு மாதிரி. ஆனா "என் தேதில யாரு"ன்னு ஒரு குறிப்பிட்ட நாளுக்குத் தேடுனா கதையே வேற, அதே பாதி சான்ஸுக்கு உன்னத் தவிர 253 பேரு வேணும். உலகத்துல பேரெடுத்தவங்க லட்சக்கணக்குல இருக்காங்க, அப்போ எந்தத் தேதிய எடுத்தாலும் டஜன் கணக்குல சிக்கத்தான் செய்வாங்க.

நான் இத சும்மா படிச்சிட்டு நம்பல, படிப்பகத்து உறுப்பினர் நோட்ட எடுத்து ஆதார் தேதிய வரிசையா எழுதிப் பாத்தேன். 31 பேரு, ரெண்டு ஜோடி கெடச்சுது. ஆஹா கணக்கு பலிச்சிடுச்சுன்னு குதிச்சேன், அப்பால பாத்தா ஒரு ஜோடி டூப்பு. ரெண்டு பேரும் அறுவது தாண்டுன பெருசுங்க, ரெண்டு பேருக்கும் ஜூன்ல ஒரே தேதி, என்னான்னு விசாரிச்சா பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு அம்மா கூட்டிட்டுப் போயிருக்காங்க, வலது கைய தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடச் சொல்லியிருக்காரு வாத்தியாரு, தொட்டுச்சு, உடனே அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு ஒரு தேதிய அவரே போட்டுட்டாரு. அதுல ஒருத்தரோட அம்மா சொன்னது "பொங்கலுக்கு முன்ன, பெரிய மழை பெஞ்சப்போ"ன்னு. அவங்கவங்க வூட்டுல ஒரு பொறந்த நாளு, சர்க்காருக்கு ஒரு பொறந்த நாளு. எங்க ஏரியாவுல அந்தத் தலைமுறைல பாதிப் பேரு இப்டித்தான், ரிட்டயர்மென்ட் கூட அந்த வாத்தியாரு போட்ட தேதிலதான்.

அதுல இருந்துதான் எனக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. யாராவது "ஒரே தேதி"ன்னு சொன்னா வாயப் பொளக்குறதுக்கு முன்னாடி அந்தத் தேதிய எழுதுனது யாரு, எந்தக் காலண்டர்லன்னு கேப்பேன். கேட்டா பாதி ஜோடி கழண்டுரும்.

பெரிய உதாரணமே இருக்கு. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின்ல பெரிய எழுத்தாளரு செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23ல செத்தாங்கன்னு எல்லாப் பொது அறிவுப் புத்தகத்துலயும் இருக்கும், யுனெஸ்கோ அந்தத் தேதியத்தான் உலகப் புத்தக நாளா 1995ல வச்சுது. ஆனா ஸ்பெயின் 1582லயே இப்ப நாம பாக்குற புதுக் காலண்டருக்கு மாறிடுச்சு, இங்கிலாந்து 1752 வரைக்கும் பழசுலயே ஓட்டிட்டு இருந்துச்சு, 1616ல ரெண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். அதனால ஷேக்ஸ்பியர் செத்த நாள ஸ்பெயின் காலண்டர்ல பாத்தா மே 3. இன்னொரு கூத்து, செர்வான்டிஸ் செத்தது 22ன்றாங்க, 23 அடக்கம் பண்ண நாளு. புத்தகத்துல ஒரே தேதிதான், ஆனா ஒரே நாள் இல்ல. அதே மாதிரிதான் கலிலியோ செத்த வருஷம் நியூட்டன் பொறந்தாருன்றதும். கலிலியோ செத்தது 1642 ஜனவரி 8, நியூட்டன் இங்கிலாந்து கணக்குல 1642 கிறிஸ்துமஸ் அன்னைக்கு, புதுக் காலண்டர்ல அது 1643 ஜனவரி 4. வருஷமே மாறிப் போச்சு.

நம்ம ஏரியா யூனியன் ஆபீஸ்ல நவம்பர் 7க்கு செங்கொடி ஏத்துறாங்களே, அக்டோபர் புரட்சின்னு பேர வச்சிக்கினு ஏன் நவம்பர்ல ஏத்துறாங்கன்னா அதுவும் இந்தக் காலண்டர் சமாச்சாரம்தான், ரஷ்யாவுல அன்னைக்கு பழைய கணக்குல அக்டோபர் 25. அந்த நவம்பர் 7 சும்மா இல்ல மா, மேரி கியூரி 1867, சர் சி.வி.ராமன் 1888, கமல்ஹாசன் 1954. அன்னைக்குப் பலகைல எடம் பத்தாம எழுத்த சின்னதாக்கி எழுதுவேன், அதுக்கும் ஒரு பெருசு கண்ணு தெரியலன்னு கத்தும்.

இப்ப நீ சொன்ன அந்த ராத்திரி பன்னெண்டே கால் மணிக்கு வரேன். பாரதியார் எப்ப செத்தாரு? 1921 செப்டம்பர் 11ன்னு நாம படிச்சோம், அரசாங்கமும் அன்னைக்குத்தான் மகாகவி நாள்னு அறிவிச்சுது. ஆனா திருவல்லிக்கேணி வூட்டுல அவரு உயிர் போனது நள்ளிரவு தாண்டி, மாநகராட்சிப் பதிவேட்டுல செப்டம்பர் 12ன்னுதான் இருக்கு. ரெண்டும் தப்பு இல்ல. நம்மாளுங்க கணக்குல பொழுது விடிஞ்சாத்தான் அடுத்த நாளு, அதுக்கு முன்னாடி ஒரு மணியோ ரெண்டு மணியோ அது முந்தின நாள் ராத்திரிதான். இங்கிலீஷ் கடிகாரத்துக்கு பன்னெண்டு அடிச்சா தேதி மாறிடும். இதுல என்ன விசேஷம்னா, 11ன்னு வச்சா பாரதியோட ஒரே நாள்ல ஜின்னா வர்றாரு, 1948ல செத்தவரு, இமானுவேல் சேகரன் வர்றாரு, 1957ல. 12ன்னு வச்சா இவங்க யாரும் கூட இல்ல. ஒன்னு ரெண்டு மணி நேரத்துல கூட்டாளிங்களே மாறிடுறாங்க. நான் ஒரு வருஷம் 12ன்னு எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டேன், அடுத்த வருஷம் 11ன்னு எழுதுனேன், அப்பவும் ஒருத்தர் வந்து பதிவேட்டப் பத்தி பாடம் எடுத்தாரு. இப்ப "11 நள்ளிரவு கடந்து"ன்னு எழுதிட்டு ஓடிடுறேன்.

ஜெயலலிதா அம்மாவுக்கும் இதே கதைதான். அறிவிச்சது 2016 டிசம்பர் 5 ராத்திரி பதினொன்ரை. அந்த 5ஆம் தேதில 1954ல கல்கி செத்துருக்காரு, 2013ல மண்டேலா. இன்னும் அரை மணி நேரம் தள்ளிப் போயிருந்தா டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளு. அப்பால வந்த விசாரணை கமிஷன் அறிக்கை டிசம்பர் 4 மதியம்னு சொல்லுச்சு. பலகைக்கு நான் 5தான் எழுதுறேன், அறிவிச்ச தேதி அதான்.

தானா அமையாம, பாத்து அமைச்சுக்கிட்ட தேதிங்களும் இருக்கு, எனக்கு இதுலதான் சுவாரஸ்யம் ஜாஸ்தி. பெரியார் பொறந்தது 1879 செப்டம்பர் 17. திமுக தொடங்குனது 1949 செப்டம்பர் 17, நம்ம பவளக்காரத் தெருவுல. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவுல கொட்டுற மழைல பொதுக்கூட்டம். பெரியார்கிட்ட இருந்து பிரிஞ்சு வந்த கட்சி பெரியார் பொறந்த நாள்லயே பொறந்துருக்கு, இத யாராவது தற்செயல்னு சொன்னா அந்தப் பூங்கா செவுரே சிரிக்கும். நான் தெனம் வாக்கிங் போறது அந்தப் பக்கம்தான்.

இளையராஜாவும் அப்டித்தான். அவரு பொறந்தது ஜூன் 3, கலைஞர் பொறந்ததும் ஜூன் 3. தனக்கு இசைஞானின்னு பட்டம் குடுத்தவரு பொறந்த நாளு அவருக்கே இருக்கட்டும்னு ஜூன் 2க்கு மாத்திக் கொண்டாடுறாரு. ஒரு ஜோடிய வேணாம்னு விட்டாரு, ஆனா பாரு, ஜூன் 2ல ஏற்கனவே மணிரத்னம் உக்காந்துருக்காரு, 1956. தப்பிச்சுப் போனாலும் இன்னொருத்தர் கூடவேதான் போயி நின்னாரு. அந்த 253 கணக்கு அப்டித்தான் வேலை செய்யும்.

ஒரு பெரிய ஆளு தேதில பொறக்குறதுல நஷ்டமும் இருக்கு மா, மாமனார்கிட்ட இதயும் சொல்லு. செப்டம்பர் 5னா உனக்கு என்ன ஞாபகம் வருது, ஆசிரியர் தினம், ராதாகிருஷ்ணன், 1888. அதே நாள்ல 1872ல பொறந்தவரு வ.உ.சி. வெள்ளக்காரன் கப்பலுக்குப் போட்டியா 1906ல சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சவரு, செக்கிழுத்தவரு, ஜெயில்ல இருந்து 1912 டிசம்பர் 24ல வெளிய வந்து நம்ம பெரம்பூர் பக்கம்லாம் குடியிருந்து கஷ்டப்பட்டவரு. ஆனா அன்னைக்கு எல்லா ஸ்கூல்லயும் டீச்சருக்குப் பேனாவும் ரோஜாவும்தான், கப்பலோட்டுன மனுஷனுக்கு ஒரு நிமிஷம் கெடைக்குறது கஷ்டம். தண்டையார்பேட்டைல அவரு பேர்ல நகரே இருக்கு, அங்கயே அப்டித்தான். ஹார்பர்காரன் புள்ளன்ற கோவத்துல நான் எப்பவும் அவர மேல எழுதி ராதாகிருஷ்ணன கீழ எழுதுவேன், வாத்தியாருங்க மன்னிக்கணும். செத்தவங்கள்லயும் இப்டி உண்டு, 1963 நவம்பர் 22ல கென்னடிய சுட்டாங்கல்ல, அன்னைக்கே ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி.எஸ்.லூயிஸும் செத்துருக்காங்க, ரெண்டு பேரும் பெரிய எழுத்தாளருங்க, அவங்க சாவு சேதி அந்த சத்தத்துல அமுங்கிப் போச்சு.

அக்டோபர் 2ம் அதே ரகம். காந்தி 1869, லால் பகதூர் சாஸ்திரி 1904. சாஸ்திரிக்கு மாலை போட ஆளு தேடணும். ஆனா அந்தத் தேதில எனக்கு முக்கியம் மூணாவது ஆளு, காமராஜர் செத்தது 1975 அக்டோபர் 2. நேரு போனப்பறம் 1964ல காங்கிரஸ் தலைவரா இருந்து சாஸ்திரிய பிரதமராக்குனது காமராஜர்தான். தான் தூக்கி உக்கார வச்சவரு பொறந்த நாள்ல, தான் கும்புட்டவரு பொறந்த நாள்ல போயிருக்காரு. இந்த மாதிரி அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நெஜமா ஒரு தொடர்பு இருந்தாத்தான் ஜோடின்னு நான் மதிப்பேன். டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12ல ஒரே நாள் ஒரே வருஷம்னு பெருசா சொல்லுவாங்க, அவங்க ரெண்டு பேருக்கும் அதத் தாண்டி ஒன்னும் கெடையாது. ஆனா அமெரிக்காவுல ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன், சேந்து சுதந்திரப் பிரகடனம் கொண்டாந்து, பின்னாடி ஒருத்தர ஒருத்தர் எதுத்துத் தேர்தல்ல நின்னு முகம் குடுக்காம இருந்து, வயசானப்பறம் லெட்டர் போட்டு ராசியாகி, கடைசில 1826 ஜூலை 4ல ரெண்டு பேரும் ஒரே நாள்ல சில மணி நேர வித்தியாசத்துல செத்தாங்க. அந்தப் பிரகடனத்துக்கு அன்னைக்கு அம்பதாவது வருஷம். இதுக்கு நானும் வாயப் பொளந்துதான் இருக்கேன்.

நம்மூர்ல அதுக்கு சமமா ஒரு தேதி சொல்லுன்னா டிசம்பர் 24. 1973ல பெரியார், 1987ல எம்ஜிஆர். அன்னைக்கு எங்க தெருவுல ஒரு முனைல சாமியானா போட்டு எம்ஜிஆர் படத்துக்கு மாலை, ஸ்பீக்கர்ல தத்துவப் பாட்டு, இன்னொரு முனைல கருப்புக் கொடி, பெரியார் படம். ரெண்டு பேருக்கும் என்ன தொடர்புன்னு கேட்டா நான் பலகையத்தான் காட்டுவேன். இன்னைக்கு நாம லை, னை, ணா, றான்னு எழுதுறோமே, அது பெரியார் பல வருஷம் தன் பத்திரிகைல எழுதிக் காட்டுன சீர்திருத்த எழுத்து, அத அரசாங்க உத்தரவாப் போட்டது 1978ல எம்ஜிஆர் ஆட்சி. எங்க நைனாவுக்கு கடைசி வரைக்கும் பழைய லைதான் கைல வரும், யானை துதிக்கைய தூக்குன மாதிரி வளச்சு எழுதுவாரு. நான் ஜுரத்துல படுத்த ஒரு டிசம்பர் 24ல எனக்குப் பதிலா அவருதான் போயி எழுதுனாரு, மேல பெரியார் பேரு, கீழ எம்ஜிஆர் பேரு, நடுவுல "தலைவர்கள்"ன்றதுல அந்தத் துதிக்க. அதே தேதில 2005ல பானுமதி அம்மாவும் போனாங்க, எம்ஜிஆர் கூட மலைக்கள்ளன், மதுரை வீரன், நாடோடி மன்னன்லாம் நடிச்சவங்க.

பொறந்த நாள்ல இதே மாதிரி ஒரு ஜோடி வேணும்னா ஜூன் 24. 1927ல சிறுகூடல்பட்டில கண்ணதாசன், 1928ல பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளில எம்.எஸ்.விஸ்வநாதன். ஒரு வருஷ வித்தியாசம், வேற ஊரு, வேற பாஷை பேசுற எடம், ரெண்டு பேரும் வந்து சேந்தது இதே மெட்ராஸ்ல, ஒருத்தரு மெட்டு போட ஒருத்தரு வரி போட எத்தன நூறு பாட்டு. மெஸ்ஸியும் ஜூன் 24தான், 1987, வியாசர்பாடி பசங்க அவர மட்டும் எழுதுன்னு ஒவ்வொரு வருஷமும் வந்து நிக்கும். மூணு பேரையும் எழுதுவேன், மெஸ்ஸிய கடைசில.

இப்ப உன் வூட்டுப் பஞ்சாயத்து. ராத்திரி பன்னெண்டே கால்னா சர்டிபிகேட்ல 17ன்னுதான் வரும், அதுல மாமனாரு பக்கம் ஜெயம். ஆனா உங்க மாமியா பஞ்சாங்கத்த எடுத்தா, பொழுது விடியாததால அது இன்னும் முந்தின நாளுதான்னு சொல்லலாம், நட்சத்திரத்தயும் அதே ராத்திரிய வச்சுத்தான் பாப்பாங்க, அப்ப சண்ட வேற மாதிரி போகும், நீ நடுவுல போகாத. பேர பத்தி அவசரமே கெடையாது. பொறப்ப 21 நாளுக்குள்ள பதிஞ்சுட்டா போதும், பேரில்லாமலே பதியலாம், பேர ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேத்துக்கலாம். அதுக்குள்ள மாமனாரு எறங்கி வந்தா வருவாரு, இல்லனா புள்ள மொகத்தப் பாத்து நீயே ராமச்சந்திரனுக்கு ஒத்துக்குவ. அலின்னு வைக்கலாமான்னு ஒரு தடவ சும்மா கேட்டுப் பாரு, அந்த மொகத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. முதல் பொறந்த நாளுக்கு மொதல் நாளே பேரச் சொல்லிடு, எம்ஜிஆருக்கும் அலிக்கும் கீழ பிராங்க்ளின தூக்கிட்டு அந்த எடத்துல எழுதிடுறேன்.